முருங்கை வீடு

செண்பகவல்லி வரைந்த வீடு அழகாக இருந்தது. வந்த வினையெல்லாம் அந்த அழகினால் வந்ததுதான்.

தூத்துக்குடி நகரச் சேவை மையத்தில் அவளுக்குப் படம் வரைகிற வேலை. ஓவியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரை ஓட்டுவதற்கு உத்தரவு எழுதுவதும் மென்பொருள் எழுதுவதும் அதற்குள் வழக்கொழிந்து போயிருந்தன. சுவர் அகலத்துக்கு ஒரு வரைபலகை இருந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு வீடும் அதில் ஒரு வடிவம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீட்டுக்குக் கோடு இழுத்தால் குழாயில் தண்ணீர் வரும். கோட்டை அழித்தால் நின்றுவிடும். வீட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு ஒரு கோடு இருந்தால், அந்த வீட்டுச் சுவரில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் வண்டி கிளம்பும். படத்தில் எப்படி இருக்கிறதோ ஊரிலும் அப்படியே நடக்கும். படம் வரைகிறவர்கள் கொஞ்சம் பயபக்தியோடு இருக்க வேண்டிய வேலைதான். ஆனால் தினமும் செய்கிற வேலையில் பயபக்தி எத்தனை நாள் நிற்கும்?

பலகையோடு வந்த வடிவங்கள் எல்லாம் வெறும் சதுரமும் வட்டமும். அவற்றால் காரியம் ஆகாதபோது வரைவாளர்கள் தாங்களே புது வடிவம் செய்து சேமித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும் வடிவத்துக்கு முகம் என்று ஒன்று உண்டு, வயிறு என்று ஒன்று உண்டு. முகம் என்பது பலகையில் தெரிகிற சித்திரம். வயிறு என்பது அதற்குள் மடித்து வைத்த இணைப்புகள், எதற்குப் பின் எது நடக்க வேண்டும் என்கிற ஒழுங்கு. முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வயிற்றைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு தடவை தட்டித் திறக்க வேண்டும். வேலை நெருக்கடியில் அதை யாரும் செய்வதில்லை.

நாலைந்து வருடங்களுக்கு முன் திரேஸ்புரத்தில் கஸ்பார் என்று ஒருவர் இருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. தினமும் பொத்தானை அமுக்கி நெஞ்சு வலிக்கிறது என்பார். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போய் நிற்கும். கஸ்பார் வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, டீ போட்டிருக்கேன், ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க" என்பார். டிரைவர் இசக்கிராஜ் ஆரம்பத்தில் குடிக்கத்தான் செய்தான். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ, நன்றாகவே இருந்தது. போகப்போக அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த மனுசனுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணும்மா," என்றார் மேலாளர் தனபாலன். "வண்டியும் வீணா அலையக்கூடாது, அவரு மனசும் நோகக்கூடாது."

செண்பகவல்லி கஸ்பாருக்கென்றே ஒரு வடிவம் செய்தாள். பொத்தானுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே 'பேச்சு' என்று ஒரு பெட்டியை வைத்தாள். முதல் தடவை அமுக்கினால் வண்டிக்குத் தகவல் போகாது. ஒரு குரல் அவரோடு பேசும். இரண்டாம் தடவை அமுக்கினால்தான் வண்டி. பலகையோடு வந்த இயந்திரக் குரல் செய்தி வாசிப்பது போல இருந்தது. கஸ்பார் அதோடு அரை நிமிடம்கூடப் பேசமாட்டார். அதனால் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலிலேயே சில வாக்கியங்களைப் பதிந்தாள். மிச்சத்தை இயந்திரம் அவள் குரலைக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டது. 'சாப்பிட்டீங்களா?' 'பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்.' 'வண்டி வந்துக்கிட்டே இருக்கு.' இந்தக் கடைசி வாக்கியத்தைப் பதியும்போது மட்டும் ஒரு கணம் வாய் தயங்கியது. வராத வண்டியை வருகிறது என்று சொல்வதா? ஒரு கிழவருக்குச் சமாதானம், யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு பதிந்துவிட்டாள்.

அதோடு நிற்காமல் நேரில் போய்ச் சொல்லியும் வைத்தாள். "நெசமாவே நெஞ்சு வலிச்சா ரெண்டு தடவ அமுக்கணும்ய்யா. மறந்துறக்கூடாது."

"ரெண்டு தடவ. கப்பல் மணி கணக்கா," என்று சிரித்தார் கஸ்பார்.

அவர் மறக்கவில்லை. ஒருநாள் நிஜமாகவே வலித்தபோது இரண்டு தடவை அமுக்கினார், வண்டி போனது, பிழைத்துக்கொண்டு மணப்பாட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கஸ்பாரைப் பொறுத்தவரை அந்த வடிவத்தில் ஒரு குறையும் இல்லை.

முகம்தான் கொஞ்சம் அதிகப்படி. ஒரு ஓட்டு வீடு, வாசலில் விளக்கு, பக்கத்தில் பூத்த முருங்கை மரம். கஸ்பார் வீட்டில் முருங்கை நின்றது, அதனால் போட்டாள். முடித்ததும் பலகை வழக்கமாகக் கேட்பதைக் கேட்டது: 'இந்த வீட்டுக்கு மட்டுமா, பொதுப்பெட்டியிலும் வைக்கலாமா?' பொதுப்பெட்டியில் வைத்தால் எல்லா வரைவாளர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம். அந்த முருங்கைப் பூவை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கம் எழுதக் கீழே இடம் விட்டிருந்தார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று 'முருங்கை வீடு' என்று பெயரை மட்டும் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

முருங்கை வீடு பரவியது. "வயசானவங்க வீடா? அந்த முருங்கையப் போடு, பாக்க நல்லாருக்கு" என்று வரைவாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தண்ணீர், மின்சாரம், மாத்திரை வரத்து எல்லாம் அதில் ஒழுங்காக இணைந்திருந்தன. ஆபத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதற்றத்தில் பொத்தானை நாலைந்து தடவை அமுக்கிவிடுவார்கள். ஆகவே குறை வெளியே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வீணாக ஓடுவது குறைந்ததற்காக மையத்துக்கு ஒரு கேடயம் வேறு கிடைத்தது. தனபாலன் அதை வாங்கி வந்தபோது செண்பகவல்லியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கை கூசும்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தங்கபுஷ்பம் என்கிற வயதான அம்மாளுக்கு மாரடைப்பு. கணவர் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார், வரும்போதே உயிரில்லை. வீட்டில் அவசரப் பொத்தான் இருந்தும் ஆம்புலன்ஸ் ஏன் போகவில்லை? தனபாலன் அதைச் செண்பகவல்லியிடம் தள்ளிவிட்டார்.

பலகையில் அந்தத் தெருவைப் பெரிதாக்கினாள். வீடு தெரிந்தது. ஓட்டுக் கூரை, வாசல் விளக்கு, முருங்கைப் பூ. முதலில் அவளுக்கு வந்தது ஒரு சின்னச் சந்தோஷம்தான். அட, நம்ம வீடு. அடுத்த நொடியில் உள்ளே வைத்த பேச்சுப் பெட்டி நினைவுக்கு வந்தது. இரண்டு தடவை தட்டித் திறந்தாள். பேச்சுப் பெட்டி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் பதிவாகியிருந்ததைக் காதில் மாட்டிக் கேட்டாள்.

"யாரு?" என்றது மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"நான்தான் பேசுறேம்மா. சாப்பிட்டீங்களா?" இது செண்பகவல்லியின் குரல்.

"சாப்பிட்டேன் தாயி. நெஞ்ச அமுக்குது. வண்டி வருதா?"

"வண்டி வந்துக்கிட்டே இருக்கு. பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்."

"சரி தாயி. அவுக மீன் வாங்கப் போயிருக்காக. வந்துருவாக."

அதன் பிறகு அந்த அம்மாள் பேசவில்லை. செண்பகவல்லியின் குரல் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? இன்னைக்கு என்ன குழம்பு? பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன். நெடுநேரத்துக்குப் பிறகு கதவு திறக்கும் சத்தமும், "யேய், புஷ்பம்" என்று ஒரு ஆண் குரலும் கேட்டன. செண்பகவல்லி காதிலிருந்து கழற்றி வைத்தாள். பலகையைச் சுருக்கி ஊர் முழுவதையும் பார்த்தாள். ஊரே முருங்கைத் தோப்பாக இருந்தது.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?" என்றார் தனபாலன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"ஒரு கோடு போட்டாப் போதும் சார். பொத்தான்லருந்து நேரா வண்டிக்கு. பொதுப்பெட்டியில இருக்கிற மூலத்துல போட்டா ஊர்ல இருக்கிற அத்தனை முருங்கை வீடும் மாறிடும். குரலும் பேசும், வண்டியும் போகும்."

"அப்ப உடனே போடு."

"அந்தம்மா செத்தது என்னாலதான் சார்."

"நீ கஸ்பாருக்குச் செஞ்ச. மத்தவன் திறந்து பாக்காம எடுத்துப் போட்டா நீ என்ன பண்ணுவ?"

"உள்ள என்ன இருக்குன்னு நான் எழுதி வைக்கல. ரெண்டு தடவ அமுக்கணும்னு கஸ்பார்ட்ட மட்டுந்தான் சொன்னேன். வடிவம் ஊரெல்லாம் போச்சு, அந்தச் சொல் போகல."

தனபாலன் கண் கேடயத்தின் மேல் போயிற்று. கெட்ட மனிதர் இல்லை அவர். "அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியில என்ன சொல்லிருக்காரு தெரியுமா? ரயில்வே கேட்டு போட்டிருப்பான், வண்டி அங்க மாட்டிக்கிட்டுருக்கும்னு. அவரா ஒரு காரணத்தத் தேடி வச்சுக்கிட்டு ஆறியிருக்காரு. அதக் கெடுக்க வேண்டாம்மா. மேல எழுத வேண்டியத நான் எழுதுறேன். நீ அவருட்டப் போகாத."

அவள் கோட்டைப் போட்டாள். ஊர் முழுவதும் முருங்கை வீடுகள் ஒருமுறை மினுங்கி அடங்கின. முகம் கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பெரிய பாடுபட்டுச் சரிசெய்ய வேண்டிய தப்பாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போகாதே என்று சொன்ன இடத்துக்கு மறுநாளே போனாள். யாராவது ஒருவர் நேருக்கு நேர் நின்று, நீ செய்தது பாவம் என்று சொன்னால் தேவலை போல இருந்தது அவளுக்கு.

தங்கபுஷ்பத்தின் கணவர் பிச்சைக்கனி, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான தேகம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒருவருக்கு வேண்டிய அளவு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நகரச் சேவை மையத்துலருந்து வந்திருக்கேன்," என்றாள் வாசலில் நின்று.

அவர் கை நின்றது. தலையைத் தூக்காமலே சொன்னார். "இன்னொருக்கப் பேசு தாயி."

"உங்களப் பாக்கத்தான் வந்தேய்யா."

"நீதான். அவ கூடப் பேசுன புள்ள நீதான்." எழுந்து வந்து அவளை உள்ளே கூப்பிட்டு, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நான் வரும்போது அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கெடக்கு, அவ கீழ கிடந்தா. செவத்துல நீ பேசிக்கிட்டே இருந்த. 'நான் கூடவே இருக்கேன்'ன்னுட்டு. ஆட்டோ புடிக்க ஓடையிலயும் உன் சத்தம் கேட்டுது. மவன் துபாய்ல இருக்கான், நான் மீன் கடையில நிக்கேன். கடைசி நேரத்துல அவ தனியாக் கிடக்கலல்லா? அது ஒண்ணுதான் தாயி எனக்கு." சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கை தன் கன்னத்தில் அறைந்திருக்கக்கூடாதா என்று இருந்தது செண்பகவல்லிக்கு.

"கேட்டு போட்டுட்டான், என்ன?" என்றார் அவர், மறுபடியும் வெங்காயத்தின் முன் உட்கார்ந்து. "சரக்கு வண்டி வந்தா லேசுல தொறக்க மாட்டானே. ஆம்புலன்ஸ்காரப் பயலுவ என்ன செய்வானுவ பாவம்."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தனபாலன் சொன்னதும் அதுதான். அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, வண்டி கிளம்பவே இல்ல."

அவர் கையிலெடுத்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"பேசுனதும் நான் இல்ல. என் குரல்ல மிஷின் பேசுச்சு. ஒரு தடவ அமுக்குனா அது பேசும். ரெண்டாந்தடவ அமுக்குனாத்தான் வண்டிக்குத் தகவல் போகும். வேற ஒருத்தருக்காக நான் அப்படிப் பண்ணி வச்சேன். உள்ள என்ன இருக்குன்னு நான் எழுதி வைக்காததுனால உங்க வீட்டுக்கும் அதையே எடுத்துப் போட்டுட்டாங்க. தப்பு என் மேலதான்யா."

"ரெண்டு தடவையா?"

"ஆமாய்யா."

"எங்ககிட்ட யாரும் சொல்லலியே."

"சொல்லலய்யா."

உரித்த வெங்காயங்களை அவர் ஒவ்வொன்றாகத் தட்டில் நகர்த்தினார். "அவ எதையும் ரெண்டாந்தடவ கேக்க மாட்டா. கல்யாணமான புதுசுல கொடைக்கானல் பாக்கணும்னா. பாப்போம்னேன். அதோட விட்டுட்டா, சாவுற வரைக்கும் வாயத் தொறக்கல. ஒருக்கச் சொன்னாப் போதும், கேக்கவன் கேட்டுக்கிடுவான்னு இருப்பா." பிறகு கேட்டார். "வண்டி வருதுன்னு அது சொல்லிச்சா?"

"சொல்லிச்சுய்யா."

"அத நம்பித்தான் மறுக்க அமுக்காம இருந்துட்டா."

செண்பகவல்லி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்ல வேண்டிய கேள்விகூட இல்லை அது.

"வரலங்கது அவளுக்குத் தெரியாதுல்லா?"

"தெரியாதுய்யா. வந்துக்கிட்டிருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தாங்க."

"சரி. அவ தப்பிச்சுட்டா." அவர் முன்பே உரித்து வைத்த ஒரு வெங்காயத்தை எடுத்து, உரித்தது தெரியாமல் மறுபடியும் உரிக்கப் பார்த்தார். "நான் கேட்டுக்காரன் மேல கோவத்துல இருந்தேன் தாயி. அவன் யாருன்னே தெரியாது, ஏசுததுக்குத் தோதா இருந்தான். இப்ப நீ வந்து எதுக்க உக்காந்து அழுத. உன்ன எப்படி ஏச?"

அவர் ஏசவில்லை. போகும்போது, "பஸ்ஸு நிறுத்தம் அந்தப் பக்கம்," என்று வழிகூடக் காட்டினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் செண்பகவல்லி கவனித்தாள், மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. எப்படி லேசானது என்று யோசித்ததும் வெட்கமாகப் போயிற்று. சுமந்ததை அந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வெங்காயம் உரிக்கிற கிழவர் தலையில்.

மறுநாள் காலையில் பலகையில் ஒரு முருங்கை வீடு சிவப்பாக மின்னியது. பிச்சைக்கனியின் வீடு. அவள் பதறிப்போய்க் காதில் மாட்டினாள்.

"சாப்பிட்டீங்களாய்யா?" என்று அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"வண்டி வந்துக்கிட்டே இருக்கு. பயப்படாதீங்க."

"பாப்போம்," என்றார் பிச்சைக்கனி.

வண்டி போய்ச் சேர்ந்ததும் இசக்கிராஜ் போன் செய்தான். "அக்கா, பெரியவருக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி வாசல்ல நிக்காரு. எங்களப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, உள்ள போயிட்டாரு."

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வீடு மின்னியது. அதற்கடுத்த நாளும். எல்லாம் மீன் வாங்கப் போகிற நேரம். ஒவ்வொரு தடவையும் வண்டி போனது, அவர் வாசலில் நின்று பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் வீடு மின்னும்போது தனபாலன் செண்பகவல்லியின் பின்னால் வந்து நின்றார். "வண்டி தினமும் வீணாப் போகுதேம்மா. அவருக்கு மட்டும் அந்தப் பழைய..." என்று ஆரம்பித்தவர், தன் வாயில் வருவதைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார்.

"போகட்டும் சார்," என்றாள் அவள்.

வண்டி போனது. போன வேகத்தில் இசக்கிராஜிடமிருந்து போன் வந்தது. கஸ்பார் காலத்துக் கோபம் அவன் குரலில் இல்லை.

"அக்கா, இன்னைக்கு நானே இறங்கிக் கேட்டுட்டேன், எதுக்குய்யா தினமும் கூப்பிடுதியன்னு. உள்ள கூட்டிட்டுப் போய் அடுப்பக் காட்டுனாரு. பால வச்சுட்டுத்தான் பொத்தான அமுக்குதாராம். 'ஒருநாளாவது பொங்கும்னு பாக்கேன் தம்பி, அதுக்குள்ள வந்துருதியளே'ன்னாரு."